ஃபைபர் போட் பட்டறையில ரெசின் மணத்துக்குக் கரிப்பெட்டி வைக்கிறது எப்பிடி: பேப்பர், செலவு, நாள்க் கணக்கோட

வாழைச்சேனையில இருந்து கல்முனை, ஒலுவில், பொத்துவில் வரைக்கும் இலங்கைட கிழக்குக் கரையோரத்தில எத்தினையோ பேர் வீட்டு வளவுக்குள்ளயே கொட்டில் போட்டு ஃபைபர் போட் ஒட்டுறாங்க, புதுசா இறங்குற பொடியன்மாரும் கூடிக்கொண்டு வாறாங்க. நானும் அப்பிடித்தான் தொடங்கினன். தொடங்கி ரெண்டாம் மாசம் பக்கத்து வளவு அக்கா வேலிக்கு அங்கால நிண்டு, "தம்பி, உங்கட மணத்துக்கு புள்ள ராவெல்லாம் தலையிடி எண்டு அழுறான், கதவ ஜன்னலப் பூட்டிப் போட்டும் வருகுது" எண்டு சொன்னா. அவ சண்டைக்கு வரல்ல, கெஞ்சிக் கேட்டா, அதுதான் எனக்கு மனசில தைச்சிது. அண்டைக்கே கரி வாங்கப் போனன். கரி எண்டு நான் சொல்லுறது அடுப்புக் கரி இல்ல, மணத்த உறிஞ்சிற அக்டிவேட்டட் கார்பன்; அதப் பரப்பி வைச்சு, அதுக்குள்ளால ஃபேனால காத்த இழுக்கிற பெட்டிதான் கரிப்பெட்டி. பிழையான கரி, பிழையான ஃபேன், பிழையான பெட்டி எண்டு மூண்டு தரம் காசக் கரைச்சு, மறுகாதான் சரி வந்தது. நீங்க அந்த மூண்டு தரத்தையும் விட்டுட்டு நேரா நாலாவதுக்கு வாறதுக்குத்தான் இத எழுதுறன்.

முதல்ல ஒரு விசயத்த மனசில வைச்சுக்கொள்ளுங்க, மிச்சமெல்லாம் அதில இருந்துதான் வருகுது. கரி மணத்த அழிக்கிற சாமான் இல்ல, பிடிச்சு வைச்சிருக்கிற சாமான். நிரம்பினா நிரம்பினதுதான், அதுக்குப் பிறகு வாறதெல்லாம் அப்பிடியே வெளிய போகும்.

1. என்ன மணம், எவ்வளவு மணம் எண்டு முதல்ல கணக்குப் பாருங்க

நம்மட பட்டறையில மணக்கிற பெரிய ஆள் ஸ்டைரீன் எண்ட கெமிக்கல். ஃபைபர ஒட்டுற பொலியெஸ்டர் ரெசின்ட எடையில சாதாரணமா 100க்கு 35 இருந்து 45 வரைக்கும் ஸ்டைரீன்தான் இருக்கும். ஒட்டி இறுகிறபோது அதில கூடின பங்கு பிளாஸ்டிக்கோடயே சேர்ந்து கட்டியாகிடும், மிச்சம் ஆவியாப் பறக்கும். கையால பிரஷ், ரோலர் போட்டு ஒட்டுற வேலையில ரெசின் எடையில 100க்கு 6 அளவு பறக்குது எண்டு வைச்சுக் கணக்குப் பாருங்க. ஸ்ப்ரே அடிச்சா இன்னும் கூட.

அப்ப ஒரு நாளைக்கு 10 கிலோ ரெசின் பாவிச்சா 600 கிராம் ஸ்டைரீன் காத்தில போகுது. நல்ல கரி எண்டாலும் நம்மட ஈரக் காலநிலையில தன்ட எடையில 100க்கு 10 பிடிக்கும் எண்டுதான் நான் கணக்கு வைக்கிறன், கடைக்காரர் கூடச் சொல்லுவார், நீங்க 10லயே நில்லுங்க. 600 கிராமுக்கு 6 கிலோ கரி. சுருக்கமாச் சொன்னா ஒரு கிலோ ரெசினுக்கு 600 கிராம் கரி. 25 கிலோ சாக்கு ஒண்டு நாலு நாள் வேலைக்கு வரும். 220 கிலோ பீப்பா ஒண்ட முழுசா ஒட்டி முடிக்க 130 கிலோ கரி, அதாவது அஞ்சு சாக்குக்கு மேல.

இந்தக் கணக்கப் போடாம நான் முதல் தரம் ஒரு சாக்க வாங்கிப் பெட்டியில கொட்டிட்டு ஒரு வருசத்துக்குப் போதும் எண்டு நினைச்சிருந்தன். அஞ்சாம் நாள் அக்கா திரும்பவும் வேலிக்கு வந்தா.

ஸ்டைரீன் வெறும் மணம் மட்டுமில்ல எண்டதையும் சொல்லோணும். உலக சுகாதார நிறுவனத்தின்ட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018ல அத மனுசருக்குப் புற்றுநோய் வரப்பண்ணக் கூடும் எண்ட 2ஏ பட்டியலுக்கு ஏத்தினது. தலையிடி, கண்ணெரிவு, தலைச்சுத்து உடனே வாறது. ஒவ்வொரு நாளும் அதுக்குள்ள நிக்கிற உங்களுக்கும் உங்கட பொடியன்மாருக்கும்தான் அக்காட புள்ளைய விடப் பெரிய ஆபத்து.

2. கரி வாங்க முதல் பறக்கிறதக் குறையுங்க

இதுக்குச் செலவு இல்லாத மாதிரித்தான், ஆனா கரிச் செலவுல பெரிய பங்க இது மிச்சம் பிடிக்கும். ரெசின் வாளிக்கு எப்பவும் மூடி. கலக்குறதக் கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குங்க. ஸ்ப்ரேய விட்டுட்டு ரோலருக்கு வாங்க. ஸ்டைரீன் குறைவாப் பறக்கிற மெழுகு சேர்த்த ரெசின் இருக்கு, கேட்டுப் பாருங்க, ஆனா அது இறுகின பிறகு மேல மெழுகு படரும், அடுத்த படை ஒட்ட முதல் உரஞ்சாம விட்டா கழண்டு வரும்.

நேரமும் முக்கியம். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியானம் தகரக் கொட்டிலுக்குள்ள நிண்டு ஒட்டினா சூட்டுக்கே ரெட்டிப்பாப் பறக்கும். நான் இப்ப வெள்ளாப்பில தொடங்கி பத்து மணிக்குள்ள ஒட்டுற வேலைய முடிச்சிடுவன். உரஞ்சிற வேலை, மரவேலை எல்லாம் பிறகு.

அசிட்டோனப் பத்தித் தனியாச் சொல்லோணும். பிரஷ் கழுவுற அசிட்டோன் 56 டிகிரியில கொதிக்கிற சாமான், சின்ன மூலக்கூறு, கரி அத லேசா மட்டும்தான் பிடிக்கும். பிறகு ஸ்டைரீன் வந்து அதத் தள்ளிவிட்டுட்டு அந்த இடத்தில தான் இருக்கும், தள்ளின அசிட்டோன் வெளிய வந்திடும். அதோட அசிட்டோன், எம்இகே மாதிரி கீட்டோன் எண்ட வகைக் கரைப்பான்ட ஆவி கரியில கூடச் சேர்ந்தா கரி உள்ளுக்குள்ள சூடேறித் தீப்பிடிச்ச சம்பவங்கள் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில நடந்திருக்கு. அதால அசிட்டோன் தகரத்த மூடியோட, கரிப்பெட்டி இழுக்கிற வாயில இருந்து தள்ளி வையுங்க.

3. பேப்பர் வேலையக் கரிக்கு முதலே தொடங்குங்க

பெட்டி செஞ்சு முடிச்சிட்டுப் போவம் எண்டு நிண்டா நாள் போயிடும். ரெண்டும் ஒண்டாப் போகோணும்.

பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிவு. பிரதேச சபை இல்லாட்டி மாநகர சபையில வருசா வருசம் எடுக்கிற தொழில் அனுமதிப்பத்திரம். பிறகு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். இது 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில 1988ல செஞ்ச திருத்தத்தால வந்தது. எந்தத் தொழில் எந்தப் பட்டியலில இருக்கு எண்டதப் பொறுத்து சிலதுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை குடுக்கும், சிறிய சிலதுக்கு உள்ளூராட்சி சபையே குடுக்கும். வர்த்தமானியில பட்டியல் மாறுறதால, போன உடனே "ஃபைபர் ஒட்டுறன், பெயின்ட் அடிக்கிறன், ஒரு நாளைக்கு இத்தினை கிலோ ரெசின், இத்தினை பேர் வேலை" எண்டு நாலு வரி எழுதிக் குடுத்து, எந்தப் பட்டியல் எண்டு எழுத்தில கேளுங்க. வாயால கேட்டு வந்தா அடுத்த முறை வேற ஆள் வேற மாதிரிச் சொல்லுவார், நீங்க முதல்ல இருந்து தொடங்கோணும்.

கொண்டு போக வேண்டியது: அடையாள அட்டை, வியாபாரப் பதிவு, காணி உறுதி இல்லாட்டி குத்தகை ஒப்பந்தம், நில அளவைப் படம், பட்டறைக்குப் போற பாதைய வரைஞ்ச படம், கொட்டிலுக்குள்ள எது எது எங்க இருக்கு எண்ட வரைபடம், பாவிக்கிற கெமிக்கல் பட்டியல். ஒவ்வொண்டிலயும் மூண்டு போட்டோக்கொப்பி. காணி உறுதி தகப்பன்ட பேரில, பதிவு உங்கட பேரில எண்டா அவர்ட சம்மதக் கடிதம் ஒண்டும் கையோட வையுங்க. எனக்கு இது இல்லாமத்தான் இழுத்தது. மொத்தம் நாலு மாசம் போச்சு, அதில ரெண்டரை மாசம் என்ட பேப்பர் குறைஞ்சதால.

கடலில இருந்து 300 மீட்டருக்குள்ள உங்கட கொட்டில் இருந்தா அது கரையோர வலயம், 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ட அனுமதியும் வேணும். வாவிக்கரை, ஆத்துவாய் பக்கம் எண்டா வேற அளவு, அத அவங்களிட்டயே காட்டிக் கேளுங்க. சீமெந்து போட்டுக் கொட்டில் கட்டின பிறகு இதக் கேள்விப்பட்ட ஆக்கள எனக்குத் தெரியும், கட்ட முதல் கேளுங்க.

கட்டணம் ரெண்டு தரம் வரும், பார்வையிட வாறதுக்கு ஒண்டு, அனுமதிக்கு ஒண்டு. ரெண்டு ரசீதையும் ஒரே ஃபைலில வையுங்க.

ரெசின் விக்கிறவரிட்ட எஸ்டிஎஸ் எண்டு கேட்டு வாங்குங்க, 16 பகுதி உள்ள பாதுகாப்புத் தரவுத் தாள். மூண்டாம் பகுதியில ஸ்டைரீன் எத்தினை வீதம் எண்டு இருக்கும், ஒன்பதாம் பகுதியில தீப்பிடிக்கிற வெப்பநிலை இருக்கும். ஸ்டைரீன்ட ஆவி 31 டிகிரியிலயே தீப்பிடிக்கத் தயாராகிடும், மட்டக்களப்பில வெயில் மாசங்களில மத்தியானம் சாதாரணமா அதுக்கு மேல. இந்த ஒரு இலக்கத்துக்காகத்தான் அடுத்த பகுதிகளில ஃபேனையும் வயரையும் பத்தி இவ்வளவு சொல்லப் போறன்.

4. சரியான கரிய வாங்குங்க

இதிலதான் கூட ஆக்கள் விழுறது. கடையில "அக்டிவேட்டட் கார்பன்" எண்டு கேட்டா பெரும்பாலும் தண்ணி ஃபில்டருக்குப் போடுற சின்ன மணிக் கரியத்தான் தருவாங்க. அது கெட்ட கரி இல்ல, தண்ணிக்கு நல்லது. ஆனா மணி சின்னன் எண்டதால காத்து அதுக்குள்ளால போகாது, ஃபேன் சத்தம் மட்டும் வரும். எனக்கு முதல் சாக்கு இப்பிடித்தான் வந்தது.

காத்துக்கு வேணும் எண்டா 4க்கு 8 மெஷ் எண்ட பெரிய மணி, கிட்டத்தட்ட ரெண்டரை மில்லிமீட்டர்ல இருந்து அஞ்சு மில்லிமீட்டர் வரை, இல்லாட்டி 4 மில்லிமீட்டர் உருளைக் குச்சிக் கரி. தண்ணிக் கரிக்கு அயடின் நம்பர் பாப்பாங்க, ஆவிக்கு சிடிசி நம்பர் கேளுங்க, பரிசோதனையில கரி தன்ட எடையில எத்தினை வீதம் ஆவி பிடிச்சது எண்டு காட்டுற அளவு அது. 50க்கு மேல இருந்தா நல்லம், 60 எண்டா திறம். சாக்கோட வாற பரிசோதனைச் சான்றிதழில பேட்ச் நம்பர், ஈரப்பதன், சிடிசி மூண்டும் இருக்கோணும். சான்றிதழ் இல்லாம "இதுவும் அதேதான் தம்பி" எண்டு சொன்னா வாங்காதீங்க.

சிரட்டைக் கரி நல்லம், ஏனெண்டா அதில இருக்கிற துவாரங்கள் மிக நுண்ணியது, சின்ன ஆவி மூலக்கூறு அதுக்குள்ள இறுக்கமா ஒட்டும். இலங்கை இந்தக் கரிய உலகத்துக்கே ஏத்துமதி செய்யுற நாடு, அதால தேடினா கிடைக்கும். ஆனா அடுப்புக்கு எரிச்ச சிரட்டைக் கரிய உடைச்சுப் போட்டாச் சரிவராது. சாதாரணக் கரிய 800 டிகிரிக்கு மேல நீராவியில வேகவைச்சுத்தான் அந்தத் துவாரங்களத் திறக்கிறாங்க. திறந்த பிறகு ஒரு கிராமுக்குள்ள 1000 சதுர மீட்டர் அளவு பரப்பு இருக்கும், நம்மட கணக்கில கிட்டத்தட்ட 40 பேர்ச் காணி. உள்ளங்கையில ஒரு சிட்டிகை, அதுக்குள்ள ஒரு வீட்டு வளவு மடிஞ்சு கிடக்கு. எனக்கு இத விளங்கின அண்டைக்குத்தான் ஏன் தூசு படக்கூடாது, ஏன் ஈரம் படக்கூடாது எண்டதெல்லாம் சேர்ந்து விளங்கினது.

5. பெட்டியும் ஃபேனும்

25 கிலோ கரி கிட்டத்தட்ட 50 லீட்டர் இடம் பிடிக்கும். அரைச் சதுர மீட்டர் தட்டில 10 சென்ரிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினா சரியா அதே அளவு. காத்து செக்கனுக்கு 30 சென்ரிமீட்டர் வேகத்தில போனா கரிக்குள்ள நிக்கிற நேரம் ஒரு செக்கன்ட மூண்டில ஒரு பங்கு, அது போதும். அந்த வேகத்தில மணிக்கு 540 கன மீட்டர் காத்து இழுபடும். முழுக் கொட்டிலையும் இழுக்கிறதுக்கு இது காணாது, அதால ஒட்டுற இடத்துக்குக் கிட்ட பெரிய வாய் உள்ள குழாயக் கொண்டு போங்க, போட்டுக்குள்ள வேலை எண்டா குழாய் வாயக் கீழ இறக்குங்க, ஸ்டைரீன் ஆவி காத்த விட மூண்டரை மடங்கு பாரம், போட்டுக்கு அடியில தங்கும்.

குளியலறைக்குப் போடுற எக்ஸோஸ்ட் ஃபேன் கரிக்குள்ளால இழுக்காது. மையவிலக்கு புளோவர்தான் வேணும், அதுவும் தீப்பொறி பறக்காத, ஆவி உள்ள இடத்துக்கு எண்டு செஞ்ச மோட்டர். புளோவரக் கரிக்குப் பிறகு, சுத்தமான பக்கத்தில வையுங்க. குழாய், பெட்டி எல்லாம் இரும்பு, எல்லாத்துக்கும் எர்த். இந்த வயர் வேலைய வீட்டு வயர் செய்யுற ஆளிட்டக் குடுக்காதீங்க, தொழிற்சாலை வேலை தெரிஞ்ச எலக்ட்ரீசியன் வேணும், இதில மட்டும் காசப் பாக்காதீங்க.

கரிக்கு முன்னால தூசு ஃபில்டர் ரெண்டு படை கட்டாயம். ஃபைபர் உரஞ்சிற தூசு கரியில படிஞ்சா துவாரத்த அடைச்சிடும், காத்தும் போகாது, மணமும் பிடிக்காது. உரஞ்சிற நேரம் கரிப்பெட்டிய நிப்பாட்டி வாயை மூடி வைச்சிட்டு வேற தூசு உறிஞ்சியப் பாவிக்கிறதுதான் நல்லம்.

தட்டு ஒண்டா இல்லாம ரெண்டா, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வையுங்க. முதல் தட்டு நிரம்பி மணம் தாண்டினா ரெண்டாவது பிடிக்கும். அப்ப முதல் தட்டக் கழட்டி, ரெண்டாவத முன்னுக்கு நகத்தி, புதுக் கரியப் பின்னுக்குப் போடுங்க. இப்பிடிச் செஞ்சா ஒவ்வொரு கிலோவும் முழுசா நிரம்பின பிறகுதான் வெளிய போகும்.

கரிக்குள்ள ஒரு வெப்பமானிக் குழாயச் செருகி வையுங்க. ஆவி ஒட்டுறபோது சூடு வாறது இயல்பு, ஆனா வெளிக் காத்த விட விறுவிறு எண்டு ஏறினா வேலைய நிப்பாட்டி, ரெண்டு பக்க மூடியையும் அடைச்சிடுங்க. ரெசின் துடைச்ச துணி, ரெசின இறுக்கிற ஹார்ட்னர் போத்தல் ஒண்டும் பெட்டிக்குக் கிட்ட வேண்டாம். புதுசா வாறவங்களுக்கு இன்னொண்டு: ஹார்ட்னரையும், இறுகுறத வேகமாக்கச் சேர்க்கிற கோபால்டையும் ஒருக்காலும் நேரடியா ஒண்டோட ஒண்டு கலக்காதீங்க, வெடிக்கும்.

6. எப்ப மாத்துறது

உங்கட மூக்க நம்பாதீங்க. கொட்டிலுக்குள்ள அரை மணித்தியாலம் நிண்டா மூக்கு பழகிடும், மணம் இல்ல எண்டு நினைப்பீங்க. காலையில வீட்டில இருந்து வாற ஒரு ஆள முதல்ல ரெண்டு தட்டுக்கும் இடையில இருக்கிற ஓட்டையில, பிறகு வெளிக்குழாயில மணந்து பாக்கச் சொல்லுங்க. இடையில மணந்தா மாத்துற நேரம் வந்திட்டு. காசு இருந்தா நிறம் மாறுற கண்டறி குழாய் வாங்கி அளக்கலாம்.

ஒரு கொப்பியில ஒவ்வொரு நாளும் எத்தினை கிலோ ரெசின் பாவிச்சது எண்டு எழுதுங்க. 25 கிலோ கரிக்கு 40 கிலோ ரெசின் தாண்டினா மணம் வராட்டியும் தயாராகுங்க. வாடைக் காத்து, மாரி மழைக் காலம் எண்டா அதுக்கும் முதல். காத்தில ஈரப்பதன் 60 வீதத்தத் தாண்டினா தண்ணியே துவாரத்துக்குள்ள போய் நிரம்பத் தொடங்கும், ஆவிக்கு இடம் குறையும். நான் கார்த்திகை, மார்கழியில 30 கிலோ ரெசினிலயே மாத்துறன். கச்சான் காலத்தில காத்து காய்ஞ்சிருக்கும், கரி கூட நாள் நிக்கும்.

பழைய கரிய வெயிலில காயவைச்சா திரும்பப் பாவிக்கலாம் எண்டு ஒரு கதை நம்மட ஆக்களிட்ட இருக்கு. செய்யாதீங்க. வெயிலுக்கு கொஞ்ச ஆவி கிளம்பித் திரும்ப அக்காட வீட்டுக்குத்தான் போகும், ஸ்டைரீன் கரிக்குள்ளயே பிளாஸ்டிக்கா இறுகிடுறதால மிச்சம் வரவே வராது, தீப்பிடிக்கவும் கூடும். பழைய கரிய மூடியுள்ள இரும்புப் பீப்பாயில போட்டு, என்ன எண்டும் எந்தத் திகதி எண்டும் எழுதி ஒட்டி, நிழலில வையுங்க. வாவியில கொட்டுறது, அடுப்பில போடுறது, தென்னைக்கு அடியில புதைக்கிறது ஒண்டும் கூடாது. புத்தளம் சீமெந்துச் சூளையில இப்பிடியான தொழிற்கழிவ எரிக்கிற சேவை இருக்கு. ஒரு பட்டறைட பீப்பாவுக்கு லொறி வராது, நாங்க நாலு பட்டறை சேர்ந்து அனுப்புறம்.

கரி நிரம்பின பெட்டிக்குள்ளயோ தாங்கிக்குள்ளயோ தலையவிட்டுச் சுத்தம் செய்யாதீங்க. நனைஞ்ச கரி மூடின இடத்தில இருக்கிற ஒட்சிசனையே எடுத்திடும், உள்ள போன ஆள் சத்தமில்லாம விழுந்திடுவார்.

7. முகத்துக்குப் போடுறதும் கரிதான்

துணி மாஸ்க், சத்திர சிகிச்சை மாஸ்க் ஒண்டும் ஆவியப் பிடிக்காது. அரைமுக ரப்பர் மாஸ்க்கில ஏ வகை, கபில நிறப் பட்டி போட்ட கார்ட்ரிட்ஜ் வாங்குங்க, அமெரிக்க முறையில அது கறுப்பு நிறம். உரஞ்சிற வேலையும் இருந்தா தூசுக்கு P எண்ட இங்கிலீசு எழுத்தும் சேர்ந்தது வேணும். கார்ட்ரிட்ஜ்ட பக்கெட்ட உடைச்ச நேரத்தில இருந்து அதுக்குள்ள இருக்கிற கரி வேலை செய்யத் தொடங்கிடும், நீங்க போட்டாலும் போடாட்டியும். ஆணியில தொங்க விட்டிருந்தா வீணா நிரம்பிக்கொண்டே இருக்கும். வேலை முடிஞ்ச உடனே சிப் பையில இறுக்கிப் போட்டு, அதில திகதி எழுதுங்க. உள்ளுக்கு மணம் வந்தா அண்டைக்கே எறியுங்க. தாடி இருந்தா மாஸ்க் முகத்தோட ஒட்டாது, அப்பிடியான பொடியன்மாருக்கு காத்து ஊதுற தலைமூடி வகை தேடுங்க. ஜெனரேட்டர் புகையில இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு இந்தக் கார்ட்ரிட்ஜ் ஒண்டும் செய்யாது, ஜெனரேட்டரக் கொட்டிலுக்கு வெளிய, புகையக் காத்து கொட்டில விட்டு அங்கால கொண்டு போற பக்கம் வையுங்க.

8. செலவ எங்க இருந்து எடுக்கிறது

பெட்டி, புளோவர், வயர் ஒருக்காத்தான். கரி, தூசு ஃபில்டர், கார்ட்ரிட்ஜ், கழிவு லொறி மாசா மாசம். நான் முதல் வருசம் இதக் கைக்காசில போட்டு நட்டப்பட்டன். இப்ப போட்காரருக்குக் கணக்குக் குடுக்கிறபோது ஒரு கிலோ ரெசினுக்கு 600 கிராம் கரிட விலையையும் சேர்த்தே எழுதுறன். ஏன் எண்டு கேட்டா அக்காட வேலியக் காட்டுவன். ஒருத்தரும் இதுவரைக்கும் வேலைய வேற இடத்துக்குக் கொண்டு போகல்ல.

அனுமதிப்பத்திரம் முடியிற திகதிய நாள்காட்டியில இப்பவே வட்டம் போடுங்க, மூண்டு மாசம் முன்னால புதுப்பிக்கிற வேலையத் தொடங்குங்க, அந்த ரெசின் கொப்பியையும் கரி வாங்கின பில்லையும் கொண்டு போங்க. மழைக்கு முதல், ஐப்பசி பிறக்கிறதுக்குள்ள ரெண்டு சாக்குக் கரி கூட வாங்கி, வாயைக் கட்டி, நிலத்தில படாமப் பலகைக்கு மேல அடுக்கி வையுங்க.